‘நாளைக்கே கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்வதற்கு முன்

சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் முதியோர் இல்லத்தில் வார்டனாகவோ மேலாளராகவோ சேர்ந்திருக்கிறீர்களா? ஒருநாள் உரிமையாளர் சொல்லக்கூடும்: “பணம் வரல. அந்தப் பாட்டியை அனுப்பிடுங்க.” அதற்கு இன்றே தயாராகுங்கள்.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, நர்சிங் ஹோம் ஒருவரை வெளியேற்றுமுன் பொதுவாக 30 நாள் முன்னதாகவே காரணத்தை எழுதித் தர வேண்டும். அவர் மேல்முறையீடும் செய்யலாம். நம் ஊரில் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் அப்படியொரு நோட்டீஸ் விதி இல்லை. அதனால் சேர்க்கும்போது போடும் ஒப்பந்தமே முதியவருக்கு முதல் பாதுகாப்பு. என்ன காரணத்துக்கு அனுப்பலாம், எத்தனை நாள் அவகாசம், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பவை அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

ஆனால் அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவை மறக்காதீர்கள். தன் பராமரிப்பில் உள்ள முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. பையோடு ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுவது டிஸ்சார்ஜ் அல்ல.

பணப் பாக்கிக்கு வழி இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு முதியவரே மனு கொடுக்கலாம்; முடியாதபோது அவர் அதிகாரமளித்த நபரோ அமைப்போ கொடுக்கலாம். மனு எழுத உதவுங்கள். பாக்கிக்காக ஆதாரையும் பென்ஷன் புத்தகத்தையும் பிடித்துவைக்காதீர்கள்.

“ராத்திரியெல்லாம் கத்துறாங்க, சமாளிக்க முடியல” என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் காரணம். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று குழம்பினால், சிறுநீர்த் தொற்றோ புதிய மாத்திரையோ மலச்சிக்கலோ பின்னால் இருக்கலாம். முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள். நோய் தீர்ந்தால், அனுப்பும் பேச்சுக்கே வேலையில்லாமல் போகலாம். டிமென்ஷியாதான் என்றாலும், அந்தக் கவனிப்பு உள்ள இடத்தில் படுக்கை உறுதியாகும்வரை அவர் உங்கள் பொறுப்பு.

போவது முடிவானால், மகனிடம் போனில் பேசிவிட்டு நிறுத்தாதீர்கள். முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடமே சொல்லுங்கள். அவர் விருப்பத்தைக் கேளுங்கள். மருந்துச் சீட்டு, மாத்திரை நேரம், எதை விழுங்க முடியும், எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என எல்லாவற்றையும் எழுதி, அழைத்துப் போகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

உரிமையாளர் “இன்னிக்கே” என்று நெருக்கினால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பிறகு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ஐ அழையுங்கள்.