உப்புநீர்த் தொட்டியில் நைட்ரேட்

கேள்வி: எங்கள் வீட்டு உப்புநீர் மீன்தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மீன்களின் கழிவிலும் அவை தின்னாது விட்ட இரையிலும் பிறக்கும் அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றனவேயன்றி, பிராணவாயு நிறைந்த ஜலத்தில் அதற்கப்பால் அதனை அழிப்பதில்லையாதலால், அது நாளுக்கு நாள் சேருவது இயற்கை. கால் பங்கு நீரை மாற்றினால் 40 என்பது 30 ஆகும். ஆனால் உப்புக் கரைக்கும் குழாய்நீரிலேயே நைட்ரேட் இருப்பின் உழைப்பெல்லாம் விரயமாதலால், ஆர்.ஓ. நீரையே உபயோகியுங்கள். இரையைக் குறையுங்கள், வடிகட்டியின் பஞ்சை, அழுக்கு அதிலேயே அழுகுமுன் அலசிவிடுங்கள். நிரந்தரப் பரிகாரமாக நான் பெரிதும் நம்புவது, பச்சை நூற்சிக்குபோல் சுருண்டு வளரும் கீட்டோமார்ஃபா பாசியை விளக்கொளி படும் தனித் தடுப்பில் வளர்த்து, தடித்ததும் பாதியை அள்ளி எறிவதையே. அது உறிஞ்சிய நைட்ரேட்டும் உடன் வெளியேறிவிடும். பவளங்கள் இருந்தால் அவசரப்படாமல், வாரக்கணக்கில் மெல்லக் குறையுங்கள்.