அல்சேஷன் வேண்டாம், கண்ணு

நாடுகாணி

அன்புள்ள பேத்திக்கு,

அல்சேஷன் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் கொண்டுவந்து விடுகிறேன் என்று போனில் சொன்னாய். மழைக்குச் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்பதுதான் பதில். ஏன் என்று சொல்லாமல் விட்டால் நீ கேட்கமாட்டாய், உன் அம்மாவைப் போல. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2025 ஏப்ரல் கடைசியில் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியை நகைக்காகக் கொன்றார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அதையெல்லாம் படிக்கிற பிள்ளைக்கு, மலையில் ஒரு கிழவி ஒற்றையாக இருக்கிறாளே என்று தோன்றாமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீட்டில் இருட்டில் வருகிறவன் மனுஷன். நாய் குரைத்தால் ஒரு நிமிஷம் யோசிப்பான். இங்கே இருட்டில் வருவது யானை, இல்லாவிட்டால் சிறுத்தை. யானைக்கு நாய் ஒரு தொந்தரவு. சிறுத்தைக்கு நாய் சாப்பாடு. திருடனுக்காக நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: வீட்டில் நகை வைத்துக்கொள்ளாமல் இருப்பது. அதைச் செய்து பல வருஷம் ஆகிறது. காதில் கிடக்கிற தோட்டைத் தவிர மற்றதெல்லாம் கூடலூர் பாங்கு லாக்கரில் இருக்கிறது, அது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நானே சொல்லியும் வைத்திருக்கிறேன்.

சிறுத்தை நாயைத் தேடித்தான் வருகிறது என்றால் பாட்டி கதை என்று நினைக்காதே. மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற ஊர்ப்பக்கம், காடே இல்லாத கரும்புத் தோட்டங்களில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை எடுத்து வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தார்கள். அது 2014இல் வெளிவந்தது. எடைக் கணக்கில் பார்த்தால் அவை தின்றதில் 39 சதவீதம் நாய். ஆடு அதற்கு ரொம்பப் பின்னால். சுற்றிலும் தேயிலையும் சோலையுமாக இருக்கிற நம் ஊர்ச் சிறுத்தைக்கும் நாய் கசக்கப்போவதில்லை. பெரிய நாயாக இருந்தால் தப்பித்துவிடும் என்று சொல்லாதே. இமயமலைப் பக்கம் கத்தி என்று ஒரு ஆட்டிடையர் கூட்டம் வளர்க்கிற நாய்கள் அல்சேஷனைவிடத் திடமானவை. அவற்றுக்கே கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை கட்டித்தான் மலையில் விடுகிறார்கள், சிறுத்தை கவ்வுவது கழுத்தை என்பதால்.

யானை விஷயத்தில் பெரிய நாய் இன்னும் மோசம். பயந்த நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு ஆபத்தும் இல்லை. தைரியசாலி நாய் ஓடிப் போய் யானையின் காலடியில் நின்று குரைக்கும். யானை திரும்பித் துரத்தும். துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும் என்று நினைக்கிறாய்? சோறு போடுகிறவளிடம்தான். வாசலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவியிடம், பின்னாலேயே யானையையும் கூட்டிக்கொண்டு.

அதனால் முதலில் இதைத் தெரிந்துகொள்: இந்த ஊரில் நாய் வைத்திருப்பது காவலுக்கு இல்லை, காதுக்கு. எனக்கு இடது காது மந்தம். என் நாய் மணிக்கு இரண்டு காதும் மூக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஆள் வந்தால் நிறுத்தி நிறுத்திக் குரைப்பான். பன்றி என்றால் ஓயாமல் கத்துவான். வாலை இடுக்கிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டு என் கட்டிலோடு ஒட்டிக்கொண்டால் அது பெரிய சமாசாரம். எல்லா நாயும் இப்படியே செய்யும் என்று இல்லை. அவனவன் பாஷையை அவனவன் எஜமானிதான் படிக்க வேண்டும். 2021இல் டி-23 என்ற புலியைத் தேடினார்களே, அப்போதும் வனத்துறை மோப்ப நாயைக் கொண்டுவந்தது வாசனை பிடிக்கத்தான், புலியோடு சண்டை போட அல்ல. அந்தப் புலியை மயக்க ஊசி போட்டு மசினகுடிப் பக்கம் பிடித்தது ஆட்கள்.

காதுக்கு வைத்திருக்கிற நாய் ராத்திரி வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. ஐந்தரைக்குச் சாப்பாடு, ஆறுக்குள் ஒரு முறை வெளியே, அப்புறம் தாழ்ப்பாள். விடிந்து, தேயிலைக்குப் போகிறவர்கள் பேச்சுக் கேட்ட பிறகுதான் கதவு திறக்கும். மீந்த சாப்பாட்டைத் தட்டோடு வெளியே வைப்பதில்லை; அது பன்றியை அழைக்கும், சிறுத்தை வருவதற்கும் ஒரு காரணம் கொடுக்கும். நாய் வெளியே கட்டிக் கிடந்தால் நடு ராத்திரி அது அலறும்போது எந்த மனுஷிக்காவது உள்ளே சும்மா படுத்திருக்க முடியுமா? கதவைத் திறந்துவிடுவாள். இந்தப் பக்கத்தில் அந்தக் கதவு திறக்கிற நேரத்தில் உயிர் போனதுண்டு. நாய்க்காகத் திறப்பது ஒன்று, கக்கூஸ் போகத் திறப்பது இன்னொன்று. பாடிகளில் (எஸ்டேட் லைன் வீடுகளில்) கக்கூஸ் இன்னும் பல இடத்தில் வெளியேதான் இருக்கிறது. வெட்கப்படாமல் ராத்திரிக்கு உள்ளேயே ஒரு வாளி வைத்துக்கொள்ளச் சொல்லி இங்கே என் வயசுக்காரிகள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

அரிசி விஷயம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அரிசி ராஜா என்று பேர் வாங்கிய அந்த மக்னா யானை (தந்தமில்லாத ஆண், வனத்துறைக் கணக்கில் பி.எம்-2) வீட்டுச் சுவரை இடித்து அரிசி தின்று பழகிப்போனது. 2022 நவம்பரில் தேவாலாப் பக்கம் வாழவயலில் ஒரு பெண் அதனால் இறந்தாள். டிசம்பரில் பிடித்து, காலர் மாட்டி முதுமலைக் காட்டில் விட்டார்கள். ஜனவரியில் அது நடந்தே சுல்தான் பத்தேரி டவுனுக்குள் வந்து நின்றது. கேரளாக்காரர்கள் பிடித்துக் கொட்டிலில் அடைத்தார்கள். காட்டில் கொண்டுபோய் விட்டால் அரிசி ருசி மறந்துவிடும் என்று நினைத்தோம், அதுதான் நம் அறிவு. ரேஷன் அரிசி மூட்டையை வெளிச்சுவரை ஒட்டி வைக்கிற வீட்டில், அந்தச் சுவருக்கு உள்பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. நான் அரிசியை, உப்பை, நாய்க்கு வாங்கும் தீவனத்தை எல்லாம் மூடி இறுகிய எவர்சில்வர் டின்னில் போட்டு நடு அறையில் வைத்திருக்கிறேன், கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன். நாய்த் தீவனத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கத்துப் பலாவில் காய் முற்றும் முன்னே வெட்டி இறக்கிவிடுகிறோம். பழுக்க விட்டால் விருந்தாளி யார் என்று தெரியும்.

யானை வந்துவிட்டால்? விளக்கை அணைத்து அணைத்துப் போடாதே, ஜன்னல் வழியாக டார்ச் அடிக்காதே, போட்டோ எடுக்காதே. கடைசியாகச் சொன்னது உன் வயசுக்கு. யானை நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறைக்குப் போய், நாயின் வாயைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு வனத்துறைக்குப் போன் செய்ய வேண்டும். இருபது கிலோ மணியை நான் மடியில் அமுக்கிவிடுவேன். நாற்பது கிலோ அல்சேஷனை அமுக்க நீ வரவேண்டும். இப்போது நம் நாடுகாணி ஜீன்பூல் தோட்டத்திலேயே ஒரு கட்டுப்பாட்டு அறை வைத்திருக்கிறார்கள், 2025இல் திறந்தது. யானை ஊருக்குள் வருகிற வழிகளில் கேமரா வைத்து, யானைதான் என்று கண்டுகொண்டால் ஆட்களுக்குத் தகவல் போகிறது. வால்பாறையில் ஆனந்த குமார் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் இதற்குப் பல வருஷம் முன்பே செல்போன் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்குமாக இந்த வேலையைச் செய்து காட்டினார்கள். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் பாதையில் யானை என்று எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல ஏற்பாடுதான். என் போனில் சார்ஜ் இல்லாவிட்டால் எந்தக் கேமராவும் எனக்குச் சொல்லாது, அது வேறு.

யானையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். உண்மையில் என் வயசுக்காரிகளை அதிகம் சாய்ப்பது யானை இல்லை, வாசற்படிப் பாசி. அதோடு கயிறு பிடித்த நாயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள்: 65 வயசுக்கு மேற்பட்டவர்கள் நாயைக் கயிற்றில் கூட்டிப்போகும்போது எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது 2004இல் சுமார் 1,670 பேர், 2017இல் சுமார் 4,400. முக்கால்வாசிக்கு மேல் பெண்கள், அதிகம் முறிந்தது இடுப்பு. அவர்கள் ஊர் நடைபாதை சமமாக இருக்கும். நம் ஊர்ச் சரிவில் ஆனி ஆடி மழையில் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார். கயிற்றை ஒருபோதும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதில்லை. இழுத்தால் விட்டுவிட வேண்டும், நாய் திரும்பி வரும், இடுப்பு எலும்பு வராது. மழை நாளில் நாயைக் கூட்டிக்கொண்டு நான் நடப்பதே இல்லை, பின்வாசலில் திறந்துவிட்டு உள்ளே நின்று கூப்பிடுகிறேன். கழுத்தில் ஒரு சலங்கை கட்டியிருக்கிறேன், ராத்திரி எழுந்தால் எங்கே படுத்திருக்கிறான் என்று தெரிய.

வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றியும் சுருக்கமாக. குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, அது வந்த கதை தெரியுமா? 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனாள். அப்போது அந்த ஊசி போட வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போக வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகு பணம் திரட்டி 1907இல் குன்னூரில் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே ஊசி இலவசம். கடித்தாலும் சரி, பல் பட்டாலும் சரி, முதலில் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்; மஞ்சளும் வேண்டாம், மிளகாய்த் தூளும் வேண்டாம். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. மணிக்கு வருஷா வருஷம் ஊசி போடுகிறோம். சீட்டு காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

இனி நீ யோசிக்காத ஒன்று. நான் வீட்டுக்குள் விழுந்து கிடக்கிறேன் என்று வைத்துக்கொள். 108 வந்து நிற்கிறது. மணி வாசலில் நின்று பல்லைக் காட்டுகிறான். விழுந்து கிடக்கிறவளைக் காப்பதாக அவன் நினைப்பு. ஆம்புலன்ஸ் பையன் உள்ளே வருவானா? வரமாட்டான், வரவும் கூடாது. தனியாக இருக்கிற கிழவிக்கு நாயால் வருகிற பெரிய ஆபத்து இதுதான், யாரும் பேசுவதில்லை. அதனால் மணியைப் பிடித்துக் கட்டத் தெரிந்த இரண்டு பேர் எனக்கு எப்போதும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சேச்சி ஒன்று, பால் ஊற்றுகிற தம்பி இன்னொன்று. வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் கையால் அவனுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். சங்கிலி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. சாவி ஒன்று சேச்சியிடம். அல்சேஷன் வந்தால் சேச்சி வாசலுக்கே வரமாட்டாள். நீ காவல் என்று அனுப்புவது, என்னைப் பார்க்க வருகிற ஆளைத்தான் முதலில் விரட்டும்.

சேச்சியோடு எனக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ராத்திரி முழுக்க வாசல் விளக்கு எரியும். காலை ஏழு மணிக்குள் நான் அணைத்துவிட வேண்டும். ஏழுக்கு மேல் எரிந்தால் அவள் வந்து தட்டுவாள். கரண்ட் போன நாளில் ஜன்னலில் துண்டு தொங்கும். போன் வேண்டாம், ஆப் வேண்டாம். ஊரில் இதுவும் இல்லாத பெரியவர்கள் உனக்குத் தெரிந்தால் 14567 என்ற எண்ணைச் சொல், முதியோருக்கென்றே உள்ள உதவி எண். ஆபத்துக்கு 108, 112. போன் செய்யும்போது கூடலூர் தாலுகா, நீலகிரி மாவட்டம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இது கேரள எல்லை, குழப்பம் வரலாம்.

குட்டி வாங்க வைத்திருக்கிற பணத்தில் எனக்கு இரண்டு சாமான் அனுப்பு. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்று, அதை அடிக்க ஆளோடு. ஆள் நடமாடினால் தானாக எரிகிற விளக்கு ஒன்று, பின்வாசலுக்கு. வருவதாக இருந்தால் காலை பஸ்ஸில் வா. சாயங்காலம் ஆறுக்கு மேல் ஜங்ஷனில் இறங்கித் தேயிலைக்கு நடுவே நடந்து வரும் வேலை வேண்டாம்.

மணிக்கு இப்போது ஏழு வயசு, எனக்கு எழுபத்திரண்டு. நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு வாரம் வரை சேச்சி பார்த்துக்கொள்வாள், கேட்டுவிட்டேன். அதற்கு மேல் ஆனால் யார் என்று முடிவாகவில்லை. உங்கள் அப்பார்ட்மென்டில் நாட்டு நாயை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று செக்ரட்டரியிடம் கேட்டு, இந்தப் பொங்கலுக்குள் உன் அம்மாவும் நீயும் பேசி எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உன் அம்மாச்சி