குதூகலம், ஐயம், ஆராய்ச்சி

அறிய விழையும் மனநிலைகள் யாவும் ஒன்றல்ல. நம் அறநூல்கள் அவற்றை வெவ்வேறு சொற்களாற் பிரித்துக் காட்டுகின்றன. அவற்றுள் மூன்றினை இங்கு நோக்குவோம்.

முதலாவது 'குதூகலம்'. தமிழில் இதற்குக் களிப்பென்று பொருள். வடமொழியிலோ அறியும் ஆவலையும் குறிக்கும். பாலியில் 'கோதூஹலம்' என வழங்கும் இச்சொல், 'மங்கலம்' என்பதனோடு சேருங்கால், நற்குறி தீக்குறி நாடும் பரபரப்பைச் சுட்டும். உபாசகனை இழிவுறுத்தும் ஐந்து குற்றங்களை அங்குத்தர நிகாயம் கூறுகிறது. கன்மத்தை நம்பாது சகுனத்தை நம்பும் 'கோதூஹல மங்கலிகன்' ஆதல் அவற்றுள் ஒன்று. திரிசரணம் பெற்ற பின்னரும், மகளின் திருமணத்திற்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா?

இரண்டாவது 'விசிகிச்சை', அஃதாவது ஐயம். கேசபுத்தம் என்னும் ஊருக்கு வந்த போதகர் ஒவ்வொருவரும் தங்கொள்கையைப் புகழ்ந்து பிறர் கொள்கையைப் பழித்தனர். அதனால் மயங்கிய காலாமரை நோக்கி, ஐயத்திற்கு இடமானவற்றில் ஐயுறுதல் தக்கதே என்றார் பகவான். ஆயினும் ஐயத்திலேயே தங்கிவிடலாகாது; உள்ளத்தை மறைக்கும் ஐந்து நீவரணங்களுள் அதுவும் ஒன்றாம். பொருளுடன் பாலைவழியிற் செல்வோனின் அச்சநிலையைச் சாமஞ்ஞபல சூத்திரம் இதற்கு உவமை கூறுகிறது.

மூன்றாவது 'வீமம்ஸை', அஃதாவது ஆராய்ந்து தேர்தல். இருத்திபாதம் நான்கனுள் இது இறுதியானது. இதனோடு ஒத்தது 'தம்ம விசயம்'. போத்தியங்கம் ஏழனுள் இரண்டாவது. இங்கே 'விசயம்' என்பது நாம் பேச்சில் வழங்கும் 'விஷயம்' அன்று. பகுத்துத் தேர்தலே அதன் பொருள். மஜ்ஜிம நிகாயத்து 47ஆம் சூத்திரத்தில், ததாகதரிடம் மாசுண்டோ என்பதைக் கண்ணாற் கண்டும் செவியாற் கேட்டும் ஆராயுமாறு பகவானே பிக்குகளுக்குப் பணிக்கிறார். தம்மையே ஆராயச் சொன்னவர் நம் ஆசான்.

மணிமேகலையும் வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்டறிந்த பின்னரே, காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமங் கேட்டாள்.

பிறப்பினால் வந்த இழிவையும் அதற்கு அரணாய் நின்ற கொள்கையையும் ஆராய்ந்து நீக்கியே பௌத்தர் ஆனோம். ஆயின், "பஞ்சசீலம் ஏன்? புத்தரை ஏன் வணங்குகிறோம்?" என நம் பிள்ளைகள் வினவுங்கால், "பெரியோர் சொன்னால் கேள்" என்று வாயடக்கினால், நாம் விட்டுவந்த வழக்கத்தையே மீளவும் இல்லத்துட் புகுத்துகிறோம். சான்றோரை அணுகி நன்மை எது, தீமை எது என்று வினவுவோன் அறிவுடையோன் ஆவான் என்பது பகவான் சுபனுக்கு உரைத்த அறம். ஆகவே பிள்ளைகளின் வினாவிற்கு அறிந்ததை விளக்குவோம். அறியாததை அவர்களுடன் அமர்ந்து பயில்வோம்.

நமோ புத்தாய!