அரசு டெண்டர்: சிறுதொழில்கள் முதலில் செய்ய வேண்டியது

அரசுக்குச் சரக்கு விற்க நினைக்கும் சிறுதொழில் முனைவோர் பலர் முதலில் தேடுவது தெரிந்த அதிகாரியை. அதைவிட, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும், அரசின் இணையக் கொள்முதல் தளமான ‘ஜெம்’மில் ஒழுங்காக நிரப்பிய பொருள் பக்கமும் கைகொடுக்கும். மத்திய அரசுத் துறைகள் பொருள் தேடுவது அங்கேதான். அளவு, தரச்சான்று, படம் என எதையும் காலியாக விடாதீர்கள். வண்ண பிரவுச்சரை யாரும் கோப்பில் வைப்பதில்லை; முன்பு முடித்த ஆர்டரின் சான்றிதழை வைப்பார்கள்.

பெரிய கம்பெனியோடு விலையில் மோத முடியுமா என்று கேட்கலாம். பின்னர் திருத்தப்பட்ட 2012-ஆம் ஆண்டு கொள்முதல் ஆணைப்படி மத்திய துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். மிகக் குறைந்த விலை பெரிய நிறுவனத்துடையதாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்த விலைக்கே இறங்கி வந்து ஆர்டரில் ஒரு பங்கு பெறலாம். இ.எம்.டி. எனும் டெண்டர் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இச்சலுகைகள் இல்லை.) பணம் தராமல் இழுத்தடிப்பார்கள் என்ற பயம் நியாயமானதே. சரக்கை ஏற்றுக்கொண்டு 45 நாள் தாண்டினால் சட்டப்படி கூட்டுவட்டி கேட்கலாம். ஆனால் அந்த வட்டியை நம்பி முதலைப் போடாமல், பணம் வரத் தாமதமானாலும் தாங்கக்கூடிய சிறிய ஆர்டரிலிருந்து தொடங்குங்கள்.