கோடை உழவு

அறுவடை முடிந்த நிலத்தை நல்ல உழவன் வறிதே கிடக்க விடுவதில்லை. கோடை மழை ஒருமுறை பெய்தவுடன் ஏர் பூட்டிப் புழுதிபட உழுகின்றான். மண் இளகுகிறது, பின்வரும் மழைநீர் உள்ளிறங்குகிறது, களையின் வேரும் புழுவின் கூடும் வெயிலிற் காய்ந்து அழிகின்றன. ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்னும் பழமொழி இவ்வுழவின் அருமையை உணர்த்தும்.

மாணவர்களே! பதினோராம் வகுப்பை முடித்தோர்க்கு வரும் கோடை விடுமுறையும் இத்தகைய உழவுக்குரிய காலமே ஆகும். கல்லூரியைப் பற்றிப் பொதுத்தேர்வின் முடிவு வந்தபின் எண்ணலாம் எனப் பலர் வாளா இருக்கின்றனர். முடிவு வெளிவரும் மே மாதத்தையொட்டியே விண்ணப்பக் காலமும் வந்து, சில வாரங்களிற் கழிந்துவிடுகிறது. அக்குறுகிய காலத்துள் துறையை ஆராய்ந்து, கல்லூரியைத் தேர்ந்து, சான்றுகளையும் திரட்டுதல் எளிதோ? ஆதலின் ஓராண்டிற்கு முன்னரே தொடங்குதல் அறிவுடைமை.

முதற்கண், தன்னை அறிதல் வேண்டும். மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டையன்றி வேறு கல்வி இல்லை என்று மயங்குவோர் உளர். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் உள்ளன. சட்டம், செவிலியம், வணிகவியல், வரலாறு, மொழி எனத் துறைகள் பலவாம். உமக்கு எதில் நாட்டம், எதில் ஆற்றல் என ஆராய்க. அருகிலுள்ள கல்லூரியில் பயிலும் மூத்தோரிடம் ஆங்குக் கற்பிக்கப்படுவன யாவை எனக் கேட்டறிக.

இரண்டாவதாக, குறையுள்ள பாடத்தைச் செப்பனிடுதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையிற் கணித மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் கொள்ளப்பட்டு, 200-க்குத் தரவரிசை வகுக்கப்படுகிறது. முறையே 90, 80, 84 பெற்ற ஒருவனுக்கு 90, 40, 42 எனக் கூடி 172 ஆகும். அரை மதிப்பெண்ணும் ஒருவனைப் பலர்க்குப் பின்னே தள்ளிவிடும். மருத்துவத்திற்குரிய நீட் தேர்வோ பதினொன்று, பன்னிரண்டு ஆகிய ஈராண்டுப் பாடங்களையும் தழுவியது. ஆதலின் முடிந்த வகுப்பின் நூல்களை மூடி வைத்தல் தகாது.

விரும்பும் பாடத்தை மட்டும் பற்றிக்கொண்டு பிறவற்றைக் கைவிடுதலும் தீது. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1904-ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பேரறிவினர்க்கே அங்ஙனம் நேர்ந்ததெனின், நாம் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

மூன்றாவதாக, சான்றுகளைச் சீர்செய்தல் வேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று முதலியவற்றிற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தபின், வருவாய்த் துறையினர் ஆராய்ந்து வழங்க நாட்கள் சில செல்லும். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க. ஓரெழுத்துப் பிழையும் உரிய நேரத்தில் இடர் விளைக்கும். வருமானச் சான்றை விண்ணப்பக் காலத்தையொட்டிப் பெறலாம்.

உமக்குரிய உரிமைகளையும் அறிக. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 2021-ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு சட்டமாயிற்று. உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், மாணவர்க்குரிய தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இத்தகைய உதவிகளுள் உமக்கு உரியன யாவை என ஆசிரியரிடம் கேட்டுத் தெளிக. உரிமை இருந்தும் அறியாதவனுக்கு அஃது இல்லாததே ஆகும்.

உங்களுட் பலர் உங்கள் குடும்பத்திற் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல்வராவீர். வழிகாட்டுவார் இல்லத்தில் இல்லாமை உங்கள் குற்றமன்று. கேட்டறிய நாணுதலே குற்றம். கூலி வேலை செய்து உங்களைப் படிக்க வைக்கும் பெற்றோரின் உழைப்பு, ஒரு சான்று இல்லாமையாலோ ஒரு நாள் தவறியமையாலோ வீணாகலாமா?

விடுமுறை முழுவதும் நூலோடே இருத்தல் வேண்டுமென்பதில்லை. விளையாடுக, பெற்றோர்க்கு உதவுக, நன்கு உறங்குக. நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் இவ்வுழவிற்கு ஒதுக்குக. கோடையில் உழுதவனே மழையின் பயனை முழுதும் பெறுவான்.