மாறும் பக்கமும் பார்வையற்ற பயனரும்

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இவர்களுள் கணிப்பொறியைக் கையாள்வோர், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக ஒலிக்கும் ‘திரைவாசிப்பான்’ என்னும் மென்பொருளின் துணையால் இணையப் படிவங்களை நிரப்புகின்றனர்.

தொடக்க கால இணையத்தில் படிவத்தை அனுப்பியதும் பக்கம் முழுவதும் புதிதாக வந்து சேரும். திரைவாசிப்பானும் முதலிலிருந்து படிக்கும். இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களோ பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் ஓசையின்றி மாற்றிவிடுகின்றன. ‘பிறந்த தேதி தவறு’ எனச் சிவப்பெழுத்தில் தோன்றும் அறிவிப்பு பார்வையுடையோர்க்கு உடனே புலப்படும். பார்வையற்றவரோ விண்ணப்பம் சென்று சேர்ந்துவிட்டதாகவே எண்ணியிருப்பார். கடைசி நாளும் கடந்துவிடும்.

இதற்கான வழி அரியதன்று. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014-இல் பரிந்துரையாக வெளியிட்ட ‘ஏரியா’ விதிகளின்படி, மாறக்கூடிய பகுதியை ‘உயிர்ப்பகுதி’ என நிரலில் குறித்துவிட்டால், மாற்றத்தைத் திரைவாசிப்பான் தானே படித்துக் கூறும். ஆயினும் பொத்தானைப் போல் வரையப்பட்ட வெறும் கட்டம், எச்.டி.எம்.எல். தரும் இயல்பான பொத்தானுக்கு ஈடாகாது. அது விசைப்பலகைக்குத் தானாகப் பணிவதில்லை.

எண்ணியல் சேவைகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பின்போது கண் சிமிட்டிக் காட்ட இயலாதோர் தொடர்ந்த வழக்கு அது.