சாகச நாவலைச் சின்னத்திரைக்கு எழுத வருபவருக்கு

இளம் திரைக்கதையாளருக்கு,

அலெக்சாந்தர் துமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' 1844இல் பாரிசின் 'லெ சியெக்ல்' நாளிதழில் தொடர்கதையாக வந்தது. அடுத்து என்ன நடக்குமோ என்று வாசகரைத் தவிக்க விட்டு வளர்ந்த கதை அது. தார்த்தன்யான் பெயரில் கூர்த்தில் து சாந்திரா எழுதிய பழைய நினைவுக்குறிப்பு நூலிலிருந்து நாயகனான தார்த்தன்யானையும் அத்தோஸ், போர்த்தோஸ் முதலிய தோழர்களின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு, அகுஸ்த் மக்கேயின் துணையோடு துமா அதை எழுதினார். மூலநூலே ஒரு வகையில் தழுவல் என்பதால், அதைத் தழுவ வருபவர் தயங்க வேண்டியதில்லை.

ஏட்ரியன் ஹாட்ஜஸ் உருவாக்கிய 'த மஸ்கட்டியர்ஸ்' தொடரை பிபிசி 2014 முதல் 2016 வரை 3 பருவங்களாக, 30 பகுதிகளில் ஒளிபரப்பியது. அது நாவலின் சம்பவங்களை வரிசையாகச் சொல்லவில்லை. மனிதர்களையும் அவர்களின் பிணைப்பையும் வைத்து வாரம் ஒரு புதுக்கதை சொன்னது. நாவலில், தன் மனைவி மிலேடியின் தோளில் குற்றவாளி முத்திரையைக் கண்டு அத்தோஸ் அவளைத் தூக்கிலிடுகிறான். தொடரில் அவள் அவன் தம்பியைக் கொன்றவள். காரணம் வேறானாலும், காதல் மனைவியைத் தானே தண்டித்தவனின் வேதனை அப்படியே நிற்கிறது. போர்த்தோஸைத் தொடர் அடிமைப்பட்டிருந்த தாயின் மகனாக்கியது. இது நாவலில் இல்லை. துமாவின் குடும்பத்தில் உண்டு. அவருடைய தந்தை அடிமைத் தாய்க்குப் பிறந்து பிரெஞ்சுப் படையில் தளபதியாக உயர்ந்தவர்.

ஆடையும் கதை சொல்ல வேண்டும். பல திரைப்படங்களில் அரசரின் படைவீரர்களான மஸ்கட்டியர்கள் சிலுவை பொறித்த நீல மேலங்கியில் வருவார்கள். இத்தொடர் அவர்களுக்குத் தோல் சட்டையும், அல்லிமலர் பொறித்த தோள்கவசமும் கொடுத்தது. குதிரையேறவும் சேற்றில் புரண்டு வாள் சுழற்றவும் அந்த உடை இடம் கொடுத்தது. தார்த்தன்யான் படையில் சேரும்போது அந்தக் கவசம் அவன் தோளில் ஏறுகிறது. விளக்க வசனம் தேவைப்படவில்லை.

சாகசக் கதைக்கு எதிராளியின் கனம் மிக முக்கியம். தொடரின் எதிராளியான கர்தினால் ரிஷ்லியூவாக நடித்த பீட்டர் கபால்டி முதல் பருவத்தோடு 'டாக்டர் ஹூ' தொடருக்குப் போனதால், அந்தப் பாத்திரத்தின் மரணத்தோடு இரண்டாம் பருவம் தொடங்கியது. உண்மையான ரிஷ்லியூ மறைந்தது 1642இல். தொடரின் கதையோ 1630இல் ஆரம்பமாகிறது. வரலாற்றை இப்படி வளைக்க நேர்ந்தாலும், அந்த இடத்தை ரோஷ்ஃபோர் என்ற வலுவான பகைவன் நிரப்பினான்.

எழுத உட்காரும் முன் நாவலை முழுமையாகப் படிப்பதே முதல் கடமை. எந்த உறவு அறுந்தால் கதை உயிரிழக்குமோ அதைக் காப்பாற்ற வேண்டும். மற்றவற்றைத் துணிந்து மாற்றலாம்.